பாரி பழைய இரும்புக் கிடங்கு

பாரி பழைய இரும்புக் கிடங்கு என்பது தெற்கு வேல்சில் உள்ள பாரி துறைமுக நகரில் உட்டாம் சகோதரர்கள் நிறுவனம் நடத்திய உடைப்புக் களம் ஆகும். பிரித்தானிய இரயில்வே பணியிலிருந்து நீக்கிய 297 நீராவி இயந்திரங்கள் இங்கு விற்கப்பட்டன. அவற்றுள் 213 இயந்திரங்கள் உடைக்கப்படாமல் மீட்கப்பட்டன. இன்று பிரித்தானியாவின் பாரம்பரியத் தொடருந்துப் பாதைகளில் ஓடும் நீராவி இயந்திரங்களில் பல இங்கிருந்து வந்தவையே.

பின்னணி

1948-இல் தொடருந்து நிறுவனங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது பிரித்தானிய இரயில்வேயிடம் சுமார் 20,000 நீராவி இயந்திரங்கள் இருந்தன. 1955-இல் வெளியான நவீனமயமாக்கல் திட்டம் அவற்றுக்குப் பதிலாக டீசல், மின் இயந்திரங்களைக் கொண்டுவர முடிவு செய்தது. ஆயினும் நீராவி இயந்திரக் கட்டுமானம் 1960 வரை தொடர்ந்தது. அவ்வாண்டு சுவிண்டன் பணிமனையில் கட்டப்பட்ட ஈவினிங் ஸ்டார், பிரித்தானிய இரயில்வேக்காகக் கட்டப்பட்ட கடைசி நீராவி இயந்திரம். பல பத்தாண்டுகள் உழைக்கக்கூடிய இந்த இயந்திரம் 1965-இலேயே பணியிலிருந்து நீக்கப்பட்டது. 1968 ஆகஸ்ட் 11 அன்று முதன்மைப் பாதைகளில் நீராவிப் பயணிகள் சேவை நிறைவு பெற்றது.

உடைபடாமல் நின்ற காரணம்

நிறுவனத்தின் உரிமையாளர் டாய் உட்டாம் 1959 முதல் நீராவி இயந்திரங்களை வாங்கினார். அதே காலத்தில் ஏராளமான பழைய சரக்குப் பெட்டிகளும் விற்பனைக்கு வந்தன. பெட்டிகளை உடைப்பது எளிது. இயந்திரங்களை உடைப்பது கடினமானது, அதிக நேரம் பிடிப்பது. எனவே தொழிலாளர்கள் முதலில் பெட்டிகளை உடைத்தனர். இயந்திரங்கள் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்டன. நாட்டின் பிற கிடங்குகளில் இயந்திரங்கள் வந்த வேகத்திலேயே துண்டுகளாயின. பாரியில் நிகழ்ந்தது திட்டமிட்ட பாதுகாப்பு அன்று; வணிக வசதியின் விளைவே.

மீட்பு

1968 செப்டம்பரில் 43924 என்ற எண்ணுடைய சரக்கு இயந்திரம் முதலாவதாக மீட்கப்பட்டு, யார்க்சயரில் உள்ள கீத்லி வொர்த் பள்ளத்தாக்குத் தொடருந்துப் பாதைக்குச் சென்றது. அதன் பின் ஆர்வலர் குழுக்கள் நன்கொடை திரட்டி ஒவ்வொன்றாக வாங்கின. பணம் சேரும் வரை உட்டாம் காத்திருந்தது இம்முயற்சிகளுக்குப் பெரிதும் உதவியது. 1980-இல் 4156, 92085 ஆகிய இரண்டும் உடைக்கப்பட்டன. இங்கு கடைசியாக உடைக்கப்பட்டவை இவையே. கடைசி இயந்திரம் 1990-இல் வெளியேறியது.

ஆரி பாட்டர் திரைப்படங்களில் ஆக்வார்ட்சு விரைவு வண்டியை இழுத்த 5972 ஓல்டன் ஆல் இயந்திரமும் இங்கிருந்து 1981-இல் மீட்கப்பட்டதே.

சீரமைப்பு

கடற்காற்றில் பல ஆண்டுகள் நின்றதால் இயந்திரங்களின் தகடுகள் துருப்பிடித்திருந்தன. செம்பு, பித்தளை உறுப்புகள் ஏற்கெனவே அகற்றப்பட்டிருந்தன. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 71000 டியூக் ஆஃப் குளோஸ்டர். 1954-இல் கட்டப்பட்ட இது, தன் வகையில் ஒரே இயந்திரம். எட்டு ஆண்டுகளே பணியாற்றியது. இதன் வெளிப்புற உருளைகள் அகற்றப்பட்டு, ஒன்று குறுக்காக வெட்டப்பட்டு இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1974-இல் இதை மீட்ட தன்னார்வலர்கள் புதிய உருளைகளை வார்ப்பித்து, 1986-இல் மீண்டும் இயக்கினர். சாம்பல் தொட்டியின் காற்று வழிகள் தேவையைவிடச் சிறிதாகக் கட்டப்பட்டிருந்ததை அவர்கள் கண்டறிந்தனர். பணிக்காலத்தில் இயந்திரம் போதிய நீராவி தராமல் அவப்பெயர் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓடும் இயந்திரங்களின் கொதிகலனுக்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கே சான்று வழங்கப்படும். அதன் பின் கொதிகலனைக் கழற்றி, குழாய்களை நீக்கி முழுமையாகச் சோதிக்க வேண்டும். ஆகவே மீட்பு ஒருமுறை செய்து முடிக்கும் பணி அன்று.

விளைவும் விமர்சனமும்

எவை பிழைத்தன என்பதை வரலாற்று முக்கியத்துவம் தீர்மானிக்கவில்லை. பாரிக்கு வந்தவை பெரும்பாலும் மேற்கு, தெற்குப் பகுதி இயந்திரங்கள். இதனால் புல்லீடு வடிவமைத்த மெர்ச்சன்ட் நேவி வகையில் எஞ்சிய 11-இல் 10 இங்கிருந்து கிடைத்தன. இலண்டன் வடகிழக்குத் தொடருந்து நிறுவன வடிவமைப்பில் 61264 ஒன்றே இங்கு தப்பியது. பெப்பர்கார்ன் ஏ1 வகையின் 49 இயந்திரங்களும் அழிந்தன. அவ்வகையைக் காண விரும்பியோர் டோர்னாடோ என்ற புதிய இயந்திரத்தையே கட்ட நேர்ந்தது. அது 2008-இல் நிறைவடைந்தது.

மீட்கப்பட்ட அனைத்தும் முழுமையாகச் சீரமைக்கப்படவில்லை. 4942 மெயிண்டி ஆல் மாற்றியமைக்கப்பட்டு, 2019-இல் லேடி ஆஃப் லெஜண்ட் என்ற இயந்திரமானது. முற்றிலும் அழிந்த ஒரு வகையை உயிர்ப்பிக்க, எஞ்சிய ஒன்றைப் பயன்படுத்தலாமா என்பது ஆர்வலரிடையே விவாதத்துக்குரியது. ஓட்டுவதற்காக உறுப்புகளை மாற்றினால் மூலப்பொருள் குறைகிறது. மாற்றாவிட்டால் இயந்திரம் ஓடாது. மெர்ச்சன்ட் நேவி வகையின் 35029, உட்புறம் தெரியும்படி வெட்டப்பட்டு யார்க் தேசியத் தொடருந்து அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. நீராவி இயந்திரம் இயங்கும் முறையை மாணவர்கள் அதில் நேரடியாகக் காணலாம்.