சிங்கப்பூர்த் தமிழர் மானிடவியல்

சிங்கப்பூர்த் தமிழர் மானிடவியல் என்பது சிங்கப்பூரில் வாழும் தமிழரின் வழிபாடு, குடும்பம், தொழில், மொழி, குடியிருப்பு ஆகியவற்றைக் கள ஆய்வின் வழி ஆராயும் துறையாகும். இது புலம்பெயர்ந்தோர் ஆய்வு, சமயச் சமூகவியல், நகர ஆய்வு ஆகியவற்றோடு நெருங்கிய தொடர்புடையது.

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் 1965இல் சமூகவியல் துறை தொடங்கப்பட்டது. அப்பல்கலைக்கழகமும் நன்யாங் பல்கலைக்கழகமும் இணைந்து 1980இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் உருவானது. ஆய்வு முடிவுகள் நூல்களாகவும், கருத்தரங்க உரைகளாகவும், சிறப்புப் பட்ட மாணவர்களின் ஆய்வேடுகளாகவும் வெளிப்படுகின்றன.

முக்கியப் படைப்புகள்: லாரன்ஸ் பாப் 1976இல் தைப்பூச வழிபாட்டை ஆராய்ந்து எழுதினார். அவ்விழாவில் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை தண்டாயுதபாணி கோயில் வரை சுமார் 4 கிலோமீட்டர் காவடி ஊர்வலம் செல்கிறது. ஷாரன் சித்திக், நிர்மலா புருஷோத்தம் ஆகியோர் லிட்டில் இந்தியா வட்டாரம் குறித்து எழுதிய நூல் 1982இல் வெளிவந்தது. வினீதா சின்ஹா முனீஸ்வரன் வழிபாட்டை 2005 நூலிலும், பூமாலை, சாமிப் படம், வீட்டுச் சாமி மாடம் முதலிய பூசைப் பொருள்களின் வணிகத்தை 2011 நூலிலும் ஆராய்ந்தார்.

சிராங்கூன் சாலைப் பூக்கடைகள் முதல் சாங்கி ஸ்ரீ ராமர் கோயில் வரை ஆய்வுக் களங்கள் பரந்துள்ளன. அரசு ஆவணங்களில் இடம்பெறாத தொழிலாளர் வழிபாட்டு மரபுகளைப் பதிவுசெய்வது இத்துறையின் சிறப்பாகும்.