வெப்பமானியும் பியரும்: ஒரு சிறு வரலாறு

முன்னர் என்னோடு பத்திரிகையில் பணியாற்றி, இப்போது கனடாவில் வாழும் நண்பர் ஒருவர் விசித்திரமான கேள்வியொன்றை அனுப்பியிருந்தார். அவரது அயலவர் வீட்டிலேயே பியர் தயாரிப்பவராம். அதற்கு எந்த வகை வெப்பமானி உகந்தது என்பதில் இருவருக்குமிடையே விவாதம். "பழைய புத்தகங்களைப் புரட்டுபவர் நீங்கள்தானே, சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். கல்முனைக்குடியில் பிறந்து வளர்ந்தவனிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்று வாசகர்கள் புருவம் உயர்த்தலாம். மார்க்கம் விலக்கிய பானத்தைப் பரிந்துரைப்பது என் நோக்கமன்று. ஆயினும் அந்தக் கேள்விக்குப் பின்னால், கைத்தொழிலாளனின் அறிவு எவ்வாறு கருவியின் அறிவாக மாறியது என்ற பெருங்கதை ஒன்று உண்டு. அது நமது ஊரையும் தொடுகிறது.

பியர் தயாரிப்பில் சூடு இரண்டு இடங்களில் முக்கியமானது. முதலாவது, முளைக்கவைத்து உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைக்கும் இடம். தானியத்திலுள்ள நொதியங்கள் மாப்பொருளைச் சீனியாக மாற்றுவது அப்போதுதான். 65 முதல் 68 பாகை செல்சியஸ் வரை அதற்கு ஏற்ற வெப்பநிலை. சற்றுக் குறைந்தால் பானம் நீர்த்துப்போகும். சற்றுக் கூடினால் இனிப்பும் கனமும் மிகும். மிகவும் கூடினால் நொதியங்களே அழிந்துவிடும். இரண்டாவது, மதுவத்தைச் சேர்க்கும் இடம். சாறு போதிய அளவு ஆறாவிட்டால் மதுவம் செத்துவிடும் அல்லது வேண்டாத சுவைகளைத் தந்துவிடும்.

வெப்பமானி இல்லாத காலத்தில் இதையெல்லாம் எப்படிச் செய்தார்கள்? கொதித்த நீரை ஆறவிட்டு, ஆவி விலகி, நீரில் தன் முகம் தெரியும் தருணத்தில் தானியத்தைக் கொட்டினார்கள். அல்லது கையை வைத்துப் பார்த்தார்கள். ஐரோப்பாவில் நெடுங்காலம் இது வீட்டுப் பெண்களின் வேலையாகவே இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் எதையும் எழுதி வைக்கவில்லை. அவர்களது அறிவு தாயிடமிருந்து மகளுக்குச் சென்றது.

டானியல் கப்ரியல் பரனைற் 1714இல் நம்பகமான இரச வெப்பமானியைச் செய்தார். 1724இல் தனது அளவுத்திட்டத்தை வெளியிட்டார். ஆனால் அந்தக் கண்ணாடிக் குழாய் பியர்ச்சாலைக்குள் நுழைய மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. மைக்கல் கொம்புரூன் என்ற இங்கிலாந்துத் தயாரிப்பாளர் 1758இல் எழுதிய நூலில், இத்தொழிலுக்கு வெப்பமானி இன்றியமையாதது என்று வாதிட்டார். தொழிலில் ஊறியவர்கள் இலகுவில் இணங்கவில்லை. அல்ரன் என்னும் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் பவர்ஸ்ரொக், தன் தந்தைக்குத் தெரியாமல் வெப்பமானியை மறைத்து வைத்தே பயன்படுத்த வேண்டியிருந்தது. பரம்பரையாக வந்த கையின் பெருமையை ஒரு கண்ணாடிக் குழாய் குறைத்துவிடும் என்று அந்தத் தந்தை எண்ணியிருக்கக்கூடும். அவ்வாறு எண்ணியிருந்தால், அது தவறுமன்று.

ஏனெனில் அடுத்து நடந்தது அதுதான். சிறு பானையின் சூட்டைக் கை அறியும். இலண்டனின் பெரும் பியர்ச்சாலைகளில் எழுந்த இராட்சதத் தொட்டிகளின் சூட்டை எந்தக் கையும் அறியாது. 1814 ஒக்ரோபரில் இலண்டனில் வெடித்துச் சிதறிய தொட்டியொன்று 22 அடி உயரமானது. அந்தப் பியர் வெள்ளத்தில் எட்டுப் பேர் மாண்டனர். இத்தகைய பேரளவு உற்பத்தியில் ஒரு தவறு பெருஞ்செல்வத்தை அழித்துவிடும். ஆகவே எண்ணை நம்புவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. வெப்பமானி பெரிய ஆலைகளைத் தானே உருவாக்கவில்லை. ஆனால் அவை தடுமாறாமல் வளர வழிசெய்தது. அந்த ஆலைகளின் விலைக்கும் ஒரே சீரான தரத்துக்கும் ஈடுகொடுக்க முடியாமல் வீட்டுத் தயாரிப்பு ஒடுங்கியது.

இந்தத் தொழில் அறிவியலுக்குத் திருப்பிக் கொடுத்த கடனும் உண்டு. வேலைக்கும் வெப்பத்துக்கும் உள்ள சமன்பாட்டை நிறுவிய ஜேம்ஸ் பிரெஸ்கொட் ஜூல், சல்போர்ட் நகரின் பியர்ச்சாலைக் குடும்பத்தில் பிறந்தவர். பரனைற் பாகையொன்றில் இருநூறில் ஒரு பங்கைக்கூடத் தம்மால் கணிக்க முடியும் என்று அவர் சொன்னபோது, அறிஞர் பலர் ஐயுற்றனர். சூட்டை நுணுக்கமாக அவதானிக்கும் பழக்கம் அவருக்குக் குடும்பத் தொழிலிலிருந்தே வாய்த்திருக்க வேண்டும் என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

இலங்கைக்கு வருவோம். லயன் நிறுவனம் தனது வரலாற்றை, 1849இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் தொடங்கிய சிறு முயற்சியிலிருந்து எண்ணுகிறது. முறையான ஆலை 1881இல் எழுந்தது. கொழும்பு இருக்க, மாட்டுவண்டிப் பாதையில் ஏறவேண்டிய மலையுச்சி எதற்கு? விடை வெப்பமானியில் இருக்கிறது. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். மதுவம் அமைதியாக வேலைசெய்ய அது போதும். பனிக்கட்டி இயந்திரம் இல்லாத காலத்தில் மலையே குளிரூட்டியாயிற்று. 1860இல் வட இந்தியாவின் மறி மலைப்பகுதியில் பியர்ச்சாலை அமைந்ததற்கும் இதுவே காரணம். 1870களில் ஜெர்மனியில் கார்ல் லிண்டே குளிரூட்டும் இயந்திரத்தைச் செய்தபின் மலையின் தேவை படிப்படியாக அற்றுப்போனது. லயன் ஆலை 1990களின் இறுதியில் கொழும்புக்கு அண்மையிலுள்ள பியகமவுக்கு இறங்கியது.

வீட்டில் தயாரிப்பது நம் நாட்டில் குற்றம். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் தயாரிப்பதைத் தடுக்கிறது. பிரித்தானியாவிலும் 1963 வரை வீட்டுப் பியருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டமே கதவைத் திறந்தது. வீட்டுத் தயாரிப்பை ஒடுக்கிய பேராலைக்குத் துணைபோன அதே கருவி, இப்போது மலிவு விலையில் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது.

நண்பரின் கேள்விக்கு இனி நேரடி விடை. இரச வெப்பமானி வேண்டாம். உணவுக்குள் உடைந்தால் நஞ்சு. 2013இல் நிறைவேறிய மினமாட்டா உடன்படிக்கை, 2020க்குப் பின் அவற்றின் உற்பத்தியையும் வர்த்தகத்தையும் பெரும்பாலும் நிறுத்தச் சொல்கிறது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 42 பாகையோடு நின்றுவிடும், அது பயன்படாது. நீண்ட உலோகக் கம்பியுடைய இலத்திரனியல் வெப்பமானி போதும். ஆனால் வாங்கிய அன்றே சோதியுங்கள். உருகும் பனிக்கட்டி நீரில் 0 காட்ட வேண்டும். கொதிநீரில் 100 காட்ட வேண்டும், அதுவும் கடல்மட்டத்தில்தான். கல்முனைக்குடிக் கடற்கரையில் 100இல் கொதிக்கும் நீர், நுவரெலியாவில் ஏறத்தாழ 94இலேயே கொதித்துவிடும். இதை அறியாதவர் நல்ல கருவியைக் குப்பையில் எறிந்துவிடுவார்.

நமக்கு இதில் என்ன? நமது கிழக்கிலும் நொதித்தலால் வாழும் தொழில் ஒன்று உண்டு. அதுதான் எருமைத் தயிர். காய்ச்சிய பாலை ஆறவைத்து, விரலை விட்டுப் பார்த்து, "கைபொறுக்கும் சூடு" என்று கண்டதும் உறை ஊற்றுகிறார்கள். அந்த விரல் அறிவது 40 முதல் 45 பாகை வரையிலான சூட்டை. 55ஐத் தாண்டினால் உறையிலுள்ள பக்ரீரியாக்கள் மடியத் தொடங்கும். மிகவும் ஆறிப்போனால் தயிர் நீர்விட்டு நிற்கும். விரல் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆனால் அந்த விரலுக்குரியவர் முதுமையடைகிறார். பிள்ளைகள் மத்திய கிழக்குக்குப் போய்விடுகிறார்கள். கடைகளில் பிளாஸ்டிக் கிண்ணத் தயிர் அடுக்கப்படுகிறது.

தயிர்ச்சட்டிக்காரருக்கு வெப்பமானி போட்டியாளன் அன்று. அவருடைய விரல் "சரி" என்று சொல்லும் கணத்தில், யாராவது ஒருவர் ஒரு கம்பியைப் பாலில் விட்டு அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும். இங்கிலாந்தின் பெண்கள் தமது கையறிவை எண்ணாக்கி வைக்கவில்லை. ஆலைக்காரர்களே அதைத் தமக்காக எண்ணாக்கிக்கொண்டார்கள். நமது விரல்களின் கணக்கை நாமே எழுதுவதற்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.