விக்கு

நெய்யாறு கடலில் கலக்கும் பூவார் பக்கத்தில் ‘விக்கு’ என்றால் மலையாளத்தில் பேச்சுத் தடங்கல், தமிழில் விக்கல். இரண்டும் ஒரே திராவிட வேர். மலையாளம் அதைப் பேச்சுக்குக் கொண்டுபோனது. தமிழ் மூச்சோடு நிறுத்தி, பேச்சுக்குத் ‘திக்கு’தலை எடுத்துக்கொண்டது. (திசையைக் குறிக்கும் வடமொழித் ‘திக்கு’ வேறு சொல்.) ‘திக்கித் திணறி’ என வினையாக நிற்கும்வரை குற்றமில்லை. ‘திக்குவாய்’ ஆனதும், வந்துபோகும் ஒரு நிகழ்ச்சி பிள்ளையின் பெயராகிவிடுகிறது. பள்ளிப் பேச்சுப் பயிற்சியாளர் காண்பதோ வேறு: திக்கும் பிள்ளை பாடும்போதும், பிறரோடு சேர்ந்து வாசிக்கும்போதும் பெரும்பாலும் திக்குவதில்லை. வாய்தான் பழுதென்றால் பாட்டில் அது எங்கே போயிற்று?

பெயரை மாற்றினால் திக்கல் தீருமா என்பார்கள். தீராது. ஆனால் அந்தப் பெயருக்கு அஞ்சும் பிள்ளை, தெரிந்த விடையையும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும். பயிற்சியில் அவிழ்க்கக் கடினமான முடிச்சு அந்த ஒதுங்கல்தான். மலையாளத்திலும் திக்குபவனை ‘விக்கன்’ என்பது உண்டே என்றால், உண்டு. ஆகவே பழுது எந்த மொழியிலும் இல்லை, திக்கலை ஆளின் பெயராக்கும் பழக்கத்தில்தான். பூவார்ப் பக்கத்தில் இரு மொழியும் கலந்தே இருக்கின்றன: 1956-இல் மாநில எல்லை வகுத்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது, அடுத்த விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. வீட்டுமொழி எல்லைக்கோட்டைப் பார்த்து மாறவில்லை. இங்கே ஒரு தமிழ்த் தாயிடம் ‘பிள்ளைக்கு விக்கு உண்டா?’ என்று கேட்டால் அவர் விக்கலை நினைத்துப் பதில் சொல்லக்கூடும். ‘பேசும்போது சொல் நின்று நின்று வருகிறதா, எந்த மொழியில்?’ என்று கேட்பதே பயன்தரும்.