பாட்டன் சொன்னது சாட்சியமாகுமா? ஆஸ்திரேலிய ஆதிக்குடிகளின் நில உரிமையும் மெய்ப்பிக்கும் சுமையும்

ஆஸ்திரேலிய ஆதிக்குடிகளின் நில உரிமை சட்ட ஏற்புப் பெற்ற வரலாற்றை 1992ஆம் ஆண்டின் மாபோ தீர்ப்பை மையமாக வைத்துச் சொல்வது வழக்கம். நிலம் யாருக்கு உரியது என்பதோடு, எதைச் சான்றாக ஏற்பது என்ற கேள்வியும் இவ்வரலாறு நெடுகத் தொடர்ந்து வந்திருக்கிறது. சட்டம் ஏற்றுக்கொண்ட உரிமை பலருக்கு ஏன் கைக்கெட்டவில்லை என்பதை அறிய இந்த இரண்டாம் கேள்வியைப் பின்தொடர வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

1835இல் ஜான் பேட்மன், இன்றைய மெல்பர்ன் அமைந்துள்ள பகுதியில் குலின் மக்களின் மூத்தோரிடம் போர்வை, கோடரி, கத்தி, மாவு கொடுத்துப் பெருநிலம் வாங்கியதாகப் பத்திரம் எழுதிக்கொண்டார். ஆளுநர் ரிச்சர்ட் பர்க் அதைச் செல்லாது என்று அறிவித்தார். அந்த மக்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணமல்ல. நிலமெல்லாம் பிரிட்டிஷ் முடிக்குரியது. விற்க அவர்களுக்கு உரிமையே இல்லை என்றார். 1889இல் கூப்பர் எதிர் ஸ்டூவர்ட் வழக்கில் பிரிவி கவுன்சில், நிலையான குடிகளும் நிலைபெற்ற சட்டமும் இல்லாத நிலப்பரப்பாகவே நியூ சவுத் வேல்ஸைக் கருதியது. அந்த வழக்கில் ஆதிக்குடியினர் ஒரு தரப்பாகக்கூட இல்லை.

அவர்கள் தாமே வழக்காடிய முதல் பெரும் நில உரிமை வழக்கு வடக்கு நிலப்பகுதியின் கோவ் தீபகற்பத்திலிருந்து எழுந்தது. பாக்சைட் சுரங்கத்துக்காகத் தங்கள் நிலம் பிரிக்கப்படுவதை எதிர்த்து, யிர்கலாவைச் சேர்ந்த யோல்ங்கு மக்கள் 1963இல் மரப்பட்டையில் ஓவியம் தீட்டி, நடுவே தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் மனுவை ஒட்டி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். பின்னர் நீதிமன்றம் சென்றபோது, பிறர் பார்க்கக் கூடாத 'ரங்கா' எனும் புனிதப் பொருள்களையே நீதிபதி பிளாக்பர்னுக்குக் காட்டினார்கள். தங்கள் நிலப்பத்திரம் அதுவே என்பது அவர்களின் நம்பிக்கை. 1971இல் வந்த தீர்ப்பு, அவர்களிடம் நுட்பமான சட்டமுறை இருப்பதை ஒப்புக்கொண்டது; அந்த உறவைச் சொத்துரிமை என்று ஏற்க மறுத்தது. சட்டம் உண்டு, உரிமை இல்லை என்ற இந்த முடிவின் கொடுமை இன்றும் வாசிப்பவரைச் சுடும்.

1982இல் எடி கொய்கி மாபோவும் வேறு நால்வரும் டோரஸ் நீரிணையிலுள்ள மர்ரே தீவுகளுக்காக உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். இடையே குவீன்ஸ்லாந்து அரசு அவர்களின் உரிமையைப் பின்தேதியிட்டு அழிக்க 1985இல் ஒரு சட்டம் இயற்றியது. 1975ஆம் ஆண்டின் இனப் பாகுபாட்டுச் சட்டத்துக்கு முரணானது என்று 1988இல் அது வீழ்ந்தது. நீதிபதி மொய்னிஹன் உண்மைகளை விசாரித்தபோது, தன் பாட்டன் எந்தத் தோட்டத்தின் எல்லையை எப்படிக் காட்டினார் என்று மாபோ சொல்லச் சொல்ல, செவிவழிச் சான்று என அரசுத் தரப்பு மீண்டும் மீண்டும் ஆட்சேபித்தது. எழுத்தில்லாச் சமூகத்தில் எல்லையறிவு வேறெந்த வழியாக வரும்? மர்ரே தீவுகளுள் ஒன்றான மேர் தீவில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் எல்லை உண்டு. பிறர் நிலத்தில் கை வைக்காதே என்பது மாலோ தெய்வத்தின் கட்டளை. ஆயினும் மாபோவின் தனிப்பட்ட வாரிசுரிமையை மொய்னிஹன் ஏற்கவில்லை.

1992 ஜனவரி 21 அன்று மாபோ காலமானார். ஜூன் 3 அன்று, ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக, மர்ரே தீவுகளின் மெரியம் மக்களுடைய உரிமையை உயர் நீதிமன்றம் ஏற்றது. ஆளில்லா நிலம் என்ற கோட்பாடு சரிந்தது. 1993இல் பூர்வ நில உரிமைச் சட்டம் பிறந்தது. அதன் 82ஆம் பிரிவு, சான்று விதிகளால் நீதிமன்றம் கட்டுப்படாது என்றது. 1996இல் விக் தீர்ப்பு, மேய்ச்சல் குத்தகை இருந்தாலே பூர்வ உரிமை ஒழிந்துவிடாது என்று சொன்னதும் எதிர்ப்பு மூண்டது. 1998இல் ஹோவர்ட் அரசு கொண்டுவந்த திருத்தம் 82ஆம் பிரிவையும் தொட்டது. அதன்பின், நீதிமன்றம் விலக்கு அளித்தாலன்றிச் சான்று விதிகள் பொருந்தும் என்றானது.

மெய்ப்பிக்கும் சுமை எவ்வளவு கனமானது என்பதை யோர்ட்டா யோர்ட்டா மக்களின் வழக்கில் காணலாம். 1998இல் நீதிபதி ஓல்னி, மூத்தோரின் வாய்மொழியைவிட, அவர்களின் நிலத்தில் ஆடு மேய்த்த குடியேறி எட்வர்ட் கர் எழுதியவற்றுக்குக் கூடுதல் மதிப்பளித்தார். பயிரிட நிலம் வேண்டி மலோகா மிஷன் குடியிருப்பிலிருந்து 1881இல் அனுப்பிய மனு, பழைய வழக்கங்கள் கைவிடப்பட்டதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பறிகொடுத்தவர்கள் நிலம் கேட்டு எழுதியதே அவர்களுக்கு எதிரான ஆவணமாயிற்று. 2002இல் உயர் நீதிமன்றமும் அவர்களின் மேல்முறையீட்டைத் தள்ளியது. பிரிட்டிஷ் இறையாண்மைக்கு முந்திய சட்டமும் வழக்கமும் பெரும்பாலும் இடையறாமல் தொடர்ந்திருக்க வேண்டும் என்றது. அந்தத் தொடர்ச்சியை அறுத்தவர்கள் யார் என்பது அங்கே கணக்கில் வரவில்லை. எனவே குடியேற்றம் கடுமையாகத் தாக்கிய தென்கிழக்கில் உரிமை அரிதாகவும், பிந்தித் தாக்கிய பாலைநிலத்தில் எளிதாகவும் ஏற்கப்படுவது தற்செயலன்று.

பெரும் மணற்பாலைவனத்தின் ங்குராரா மக்கள் 1997இல் சுமார் 8 மீட்டருக்கு 10 மீட்டர் அளவுள்ள துணியில் தங்கள் நாட்டின் நீர்நிலைகளைத் தீட்டினார்கள். பூர்வ நில உரிமைத் தீர்ப்பாயத்தார் வந்தபோது, ஒவ்வொருவரும் ஓவியத்தில் தம் ஊற்றுக்குரிய இடத்தில் ஏறி நின்று, தம் மொழியிலேயே பேசினார்கள். 2007இல் அவர்களின் உரிமை ஏற்கப்பட்டது. ரங்காவுக்குக் கிட்டாத மதிப்பு இந்தத் துணிக்குக் கிட்டியது என்றே கருதுகிறேன்.

பின்னர் கேள்வி இழப்பீட்டுக்கு நகர்ந்தது. 2019இல் டிம்பர் கிரீக் வழக்கில் உயர் நீதிமன்றம் சுமார் 25 லட்சம் டாலர் வழங்கியது. அதில் 13 லட்சம் பண்பாட்டு இழப்புக்கு. நிலத்துடனான ஆன்மிகப் பிணைப்பு அறுந்த துயரத்தையும் நீதிமன்றம் எடைபோட்டது. 2025 மார்ச்சில், கோவ் தீபகற்பத்தின் குமட்ஜ் குலத்தார் வழக்கில், பூர்வ உரிமையை மத்திய அரசு பறித்திருந்தால் அரசியலமைப்பின் நியாயமான இழப்பீட்டு விதி அதற்கும் பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது. வழக்கைத் தொடுத்த தலைவர் யுனுபிங்கு 2023இலேயே மறைந்துவிட்டார். தொகை எதையும் அத்தீர்ப்பு நிர்ணயிக்கவில்லை. அதற்கு அவருடைய குலத்தார் தங்கள் இழப்பை நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாக வேண்டும்.