தலைச்சேரிக் கேக்கின் வேர்

கிறிஸ்து பிறப்பு விழாவின் கேக்கை மேலைநாட்டுப் பண்டம் என்றே எண்ணுகிறோம். கேரளத்துத் தலைச்சேரியின் வரலாறு அவ்வெண்ணத்தைத் திருத்துகிறது.

பர்மாவில் பிஸ்கட் தொழில் கற்றுத் திரும்பிய மாம்பள்ளி பாப்பு 1880-இல் அங்கு அடுமனை தொடங்கினார். 1883-இல் அஞ்சரக்கண்டித் தோட்டத்துரை மர்டாக் பிரவுன், இங்கிலாந்துக் கேக் ஒன்றைத் தந்து, அதுபோலச் செய்யக் கேட்டார்; மாஹேயின் பிரெஞ்சு பிராந்தியைச் சேர்க்கவும் சொன்னார். பாப்புவோ முந்திரிப்பழமும் கதலியும் சேர்ந்த உள்ளூர் மதுவைச் சேர்த்தார் என்பது குடும்ப மரபு. சுவைத்த துரை மேலும் பன்னிரண்டு கேட்டாராம்.

அக்குடும்பத்தின் அடுமனைகள் பின்னர்க் கேரள நகரங்கள் பலவற்றில் பரவின.

அந்த முந்திரியும் போர்த்துக்கீசியரோடு கடல் கடந்து வந்ததே. வந்தது எங்கிருந்து என்பதைவிட, எம்மண்ணில் வேர்கொண்டது என்பதே பெரிது. விழா நாளில் கேக்கைப் பகிரும்போது, பிற சமயத்து அக்கைவினைஞரையும் நன்றியோடு நினைப்போம்.