காக்கி: புழுதியில் பிறந்த வர்ணம்

ஆங்கில மொழியில் வர்ணங்களுக்கு வழங்கும் பெயர்களுள் சில பூவிலிருந்து வந்தவை. சில கனியிலிருந்து வந்தவை. வயலட் மலரின் பெயர், ஆரஞ்சு கனியின் பெயர். காக்கியோ காலடிப் புழுதியிலிருந்து எழுந்தது. பாரசீக மொழியில் 'காக்' என்றால் மண், புழுதி. ஆகவே மண்ணின் நிறமுடையது காக்கி. ஹிந்துஸ்தானியின் வழியாக இந்தச் சொல் ஆங்கிலத்தில் புகுந்ததும் பின்னர் உலகெங்கும் பரவியதும் பலர் அறிந்த செய்தியே. ஆனால் பெயர் வழக்கத்துக்கு வந்த பிறகும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம் அந்தப் பெயருக்குரிய நிறம் இன்னதென்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலாமல் இருந்தது என்பதே அதன் சரித்திரத்தில் சுவையான பகுதி.

1846-ஆம் ஆண்டில், பஞ்சாபில் ஆங்கிலேயரின் அதிகாரம் காலூன்றிக்கொண்டிருந்த சமயத்தில், எல்லைப்புறத்து மலைவழிகளை நன்கறிந்தவர்களைச் சேர்த்து ஒரு படை அமைக்குமாறு ஹென்றி லாரன்ஸ் பணிக்க, ஹாரி லம்ஸ்டன் என்னும் இளம் அதிகாரி பெஷாவரில் 'கைட்ஸ்' என்ற படையைத் திரட்டினார். வழிகாட்டுவதும், சத்துரு இருக்கும் இடத்தை வேவு பார்த்து வருவதுமே அந்தப் படையின் தொழில். கும்பினியாரின் சிப்பாய்கள் அந்நாளில் அணிந்த இறுக்கமான சிவப்பு மேலங்கியை மாட்டிக்கொண்டு வேவு பார்க்கப் போவது, பறையறைந்துகொண்டு திருடப் போவதற்குச் சமானம். எனவே புழுதி நிறத் தளர் உடையே தக்கதென்று லம்ஸ்டன் முடிவு செய்தார். அவருக்குத் துணையாயிருந்த ஹாட்சன், இங்கிலாந்திலிருந்த தம் சகோதரரின் மூலம் மங்கிய நிறத் துணியைத் தருவிக்க ஏற்பாடு செய்தார். அதற்கு முன், வெள்ளைப் பருத்தித் துணியை நீரில் நனைத்து அதன்மேல் மண்ணைப் பூசித் தேய்த்தார்கள் என்றும், அப்பிரதேசத்தில் விளையும் குட்டைப் பனை ஒன்றைக்கொண்டு சாயம் ஏற்றினார்கள் என்றும் சொல்வார்கள்.

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது, வட இந்தியக் கோடையில் கம்பளிச் சிவப்பைத் தாங்க மாட்டாமலும், வெள்ளை உடை தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்சியும், ஆங்கிலப் படையினர் தத்தம் வெள்ளை உடுப்புகளைக் கையில் கிடைத்ததில் எல்லாம் தோய்த்தெடுத்தனர். தேயிலைச் சாறு, காப்பி, மசாலைப் பொடி, எழுதும் மை, வெறும் சேறு ஆகிய எதையும் விட்டுவைக்கவில்லை. ஒரு படை பழுப்பாகவும், மற்றொன்று சாம்பல் நிறமாகவும், வேறொன்று நீலம் ஓடியும் அணிவகுத்து நின்றன. அத்தனையும் காக்கி என்றே வழங்கின. இரண்டு சலவை கண்டால் அதுவும் வெளுத்துப்போகும். ஆகவே, கிளர்ச்சி அடங்கியதும் படைகள் பழைய சிவப்புக்கும் வெள்ளைக்குமே திரும்பின.

இந்தக் குறையைத் தீர்த்தவர் தளபதி எவரும் அல்லர். லங்காஷயரில் அக்ரிங்டன் என்னும் நெசவு நகரத்திலே சாயத் தொழில் நடத்திவந்த பிரடெரிக் கேட்டி என்பவர். 1884-இல் அவர் காப்புரிமை பெற்ற முறையில் இலைச் சாறும் இல்லை, சேறும் இல்லை. இரும்பு, குரோமியம் ஆகிய உலோகங்களின் உப்புகள் கரைந்த நீரில் துணியை ஊறவைத்து, பின்னர் காரக் கரைசலில் செலுத்தினால், அவ்வுலோகங்களின் ஆக்ஸைடுகள் நூலிழைக்குள்ளேயே படிந்து தங்கிவிடுகின்றன. வெயிலுக்கும் வெளுப்புக்கும் அசையாத கெட்டிச் சாயம் அது. துணி முரடாகி, தைக்கும் ஊசிக்குச் சிரமம் கொடுக்கும் என்பது ஒன்றே அதன் குற்றம். பெயருக்கு ஏற்ற நிறம் கிடைத்தது இப்படித்தான்.

அதன்பின் காரியங்கள் விரைந்து நடந்தன. 1885 டிசம்பரில் ஸூடானில் கின்னிஸ் என்ற இடத்தில் நடந்த சண்டையோடு சிவப்பு மேலங்கி போர்க்களத்திலிருந்து விடைபெற்றது. 1897-இல் கடல் கடந்த சேவைக்கும், 1902-இல் தாயகச் சேவைக்கும் காக்கி விதியாயிற்று. புகையற்ற வெடிமருந்தும், வெகுதூரம் குறி தவறாது சுடும் துப்பாக்கிகளும் வந்தபின், பகட்டான உடை உயிருக்கே உலையாகும் என்று தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தம் போதித்திருந்தது. அந்த யுத்தத்தின் ஆவேசத்திலேயே ஸாலிஸ்பரி பிரபுவின் கட்சி வென்ற 1900-ஆம் ஆண்டுத் தேர்தலைக் 'காக்கித் தேர்தல்' என்றார்கள். போயர்களோ ஆங்கிலச் சிப்பாய்களையே காக்கிகள் என்று அழைத்தார்கள். படைக் குதிரைகளுக்கென இறக்கிய தீவனத்தோடு தென்னமெரிக்காவிலிருந்து வந்து முளைத்த, துலுக்கச் செவ்வந்தி இனத்துக் களை ஒன்றுக்கும் அந்தப் பெயரையே சூட்டினார்கள்; தென்னாப்பிரிக்கர் அதை இன்றும் 'காக்கிபோஸ்', அதாவது காக்கிப் புதர், என்றே சொல்லுகிறார்கள்.

நிறம் நிலைத்ததென்றேன், பொருள் நிலைத்துவிடவில்லை. வெப்ப நாடுகளுக்கான டிரில் துணி மணல் நிறமாக இருக்க, இங்கிலாந்தின் குளிருக்கென நெய்த கம்பளித் துணி பசுமை கலந்த கரும்பழுப்பாக அமைந்தது, இரண்டும் காக்கியே. பிரெஞ்சுக்காரருக்குக் காக்கி ஏறக்குறையப் பச்சை. அமெரிக்கருக்கோ அது ஒருவகைக் கால்சட்டையின் பெயர்.

நம் நாட்டில் அதன் போக்கு இன்னும் விநோதமானது. சுதந்திரத்துக்குப் பின் ராணுவம் ஆலிவ் பச்சைக்கு மாறிவிட, காக்கி போலீஸாரிடம் தங்கியது. தபால்காரரும், பஸ் ஓட்டுநரும், ஆட்டோக்காரரும் அதை ஏற்றனர்; எனினும் 'காக்கிச் சட்டை' என்று தமிழில் சொன்னமாத்திரத்தில் மனத்தில் தோன்றுபவர் போலீஸ்காரரே. மறைந்து தொழில் செய்ய வேண்டியவர்கள் கைவிட்ட வர்ணத்தை, தாம் இருப்பது பிறர் கண்ணில் பட வேண்டும் என்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே ஒரு வர்ணச் சொல்லின் பொருளை நிர்ணயிப்பதில் சாயத் தொட்டிக்கு உள்ள பங்கு பாதிதான். மறுபாதி, அதை உடுத்துபவர் யார் என்பதையும், அவரை ஜனங்கள் எந்தக் கண்ணோடு பார்க்கிறார்கள் என்பதையும் பொறுத்தது.