மலைப்பூ ஈக்கள்: மேக்ரோ ஒளிப்படம்

உயர்மலைக் காட்டுப்பூக்களில் அமரும் ஈக்களை 1:1 அல்லது அதற்கு மேலான உருப்பெருக்கத்தில் படமெடுக்கும் கலை. குளிர் மிகுந்த உயரங்களில் தேனீக்கள் குறைவதால் மகரந்தச் சேர்க்கையில் ஈக்களின் பங்கு கூடுகிறது; ஆல்ப்ஸ் மலையின் எடல்வைஸ் பூவை நாடி வருபவற்றில் பெரும்பாலானவை ஈக்களே. குளவியைப் போல மஞ்சள், கறுப்புப் பட்டைகள் கொண்ட சிர்ஃபிட் ஈயை நெருங்கிப் பார்த்தால் ஒரு சோடி இறக்கைகளே தெரியும். பின்னிறக்கைகளுக்குப் பதிலாகக் குண்டூசித் தலை போன்ற சமநிலை உறுப்புகள் இருக்கும். பல சிற்றினங்களில் ஆணின் கண்கள் உச்சியில் ஒட்டியிருக்கும். பெண்ணின் கண்களுக்கிடையே இடைவெளி உண்டு. இந்த நெருக்கத்தில் கூர்மையாகப் பதியும் ஆழம் மிகக் குறுகியது என்பதால் கண்ணில் குவியம் வைப்பதே வழக்கம். உடல் சூடேறாத அதிகாலையில் ஈ அசையாதிருக்கும். அப்போது குவியத்தைச் சிறுகச் சிறுக நகர்த்தி எடுத்த படங்களை ஒன்றிணைக்கலாம். படத்துக்காக ஈயைக் குளிரூட்டி முடக்குவதும் செடிகளை மிதிப்பதும் தவறு.